எழுபத்தொரு கிலோ

ரெய்னோ ஹாபலாவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும்போது என்னைப் பற்றி நல்லதாக எதுவும் மிஞ்சாது என்று தெரியும். அதற்குப் பயந்துதான் மூன்று வாரம் தள்ளிப் போட்டேன்.

தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊரில் எங்கள் பள்ளிக்கு வரும் ஆறு மஞ்சள் பேருந்துகளில் நான்காம் எண் வண்டி அவனுடையது. ஐம்பத்தாறு வயது. அவனுடைய அப்பா ஏரிக்கரைத் தானியக் கிடங்கில் மூட்டைத் தூசியைத் தின்றே வாழ்ந்தவர். இவன் இருபத்திரண்டு வருஷம் காகித ஆலையில் இருந்தான். ஆலையை மூடியதும் ஒரு மாதம் வீட்டுக் கூரையைச் செப்பனிட்டான், அடுத்த மாதம் பேருந்து உரிமம் எடுத்தான். பிள்ளைகள் வண்டிக்குள் கூச்சல் போட்டால் திட்ட மாட்டான். ஓரமாக நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பிள்ளைகளே ஒருவரையொருவர் அதட்டி அடங்குவார்கள்.

நான் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் இருக்கிறேன். பெயர் நோரீன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பேச வேண்டிய ஒரே இடத்தில் அந்த வாய்க்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் ஊரில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியே சைக்கிள் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம். அதனால் நாங்கள் வேறொரு பைத்தியக்காரத்தனம் செய்கிறோம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, வீட்டுக்கடியில் உள்ள பேஸ்மென்ட் அறையில் ஓர் இயந்திரத்தில் மாட்டி, எதிரே திரையை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட்டுவோம். திரையில் நமக்கென்று ஒரு பொம்மை உண்டு. நாம் மிதிக்க மிதிக்க அது மலையேறும். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு எட்ட எட்ட இருக்கும் ஊர்களிலிருந்து எங்கள் கூட்டம் அந்தத் திரையில் சேரும். ஷ்ரைபரிலிருந்து கார்மைன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எங்கள் தலைவர். கெனோராவிலிருந்து ட்ரூடி, நிப்பிகனிலிருந்து வெஸ். காதில் ஹெட்போன். மூச்சு வாங்கிக்கொண்டே வம்பளப்போம். பெயர் பேஸ்மென்ட் கோஷ்டி. குளிர்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ரெய்னோவும் முன்பு கோஷ்டியில் இருந்தவன். எங்களிலேயே வேகமானவன் அவன்தான். நாலு வருஷத்துக்கு முன் பேருந்துப் படியில் பனிக்கட்டி வழுக்கித் தோள் எலும்பு முறிந்தது. எட்டு வாரம் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். எட்டு வாரம் முடிந்ததும் ஈஸ்டர் போகட்டும் என்றான். ஈஸ்டர் போனதும் மீன் பிடிக்கும் காலம் வந்தது. அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. அவன் மனைவி பாலெட் சைக்கிள் மேல் ஈரத் துணி காயப்போடத் தொடங்கினாள். பிறகு கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளை அதன் மேலேயே அடுக்கினாள்.

தினமும் காலை எட்டேகாலுக்கு அவன் வருகைத்தாளில் கையெழுத்துப் போட வருவான். அவன் உடம்பு ஏறியதை நான் வருஷா வருஷம் பார்த்தேன். முதலில் ஜாக்கெட்டின் கீழ்ப் பொத்தான் போடுவதில்லை. அப்புறம் எந்தப் பொத்தானும் போடுவதில்லை.

போன செப்டம்பரில் நான்தான் அவனைக் கிளறினேன்.

"எவ்வளவு நாள்தான் துணி காயப்போடுவ? கழுதைக்குக்கூட அதவிட மரியாதை இருக்கு. எறக்கி ஓட்டுப்பா."

"எங்கிருந்து நோரீன்? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவங்க எல்லாம் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். கேமரா போட வேணாம். ஒன் தொப்பைய யாரு பாக்கப் போறா?"

இதை நான்தான் சொன்னேன்.

அக்டோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். ஹெட்போனில் கர்புர்ரென்று ஒரு சத்தம், பிறகு "நான்தான்" என்றான். கார்மைன் கத்திய கத்தலில் என் காது அடைத்தது.

"யோவ்! உயிரோடதான் இருக்கியா? நாங்க ஒனக்குக் கருமாதியே பண்ணிட்டோம்யா!"

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்றான் ரெய்னோ. எல்லோரும் சிரித்தோம்.

சமவெளியில் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தான். மேடு வந்தது. நாலு வருஷம் சும்மா கிடந்த மனிதன் மேட்டில் திணறிப் பின்தங்குவான், நான் கூட நின்று தேற்றலாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பொம்மை என்னைத் தாண்டிப் போனது. ஒல்லியான, இடுப்புச் சிறுத்த பொம்மை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

இரண்டாம் வாரமும் தாண்டினான். மூன்றாம் வாரம் எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த ஓட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை இயந்திரம் அளந்துகொள்ளும். நம் எடையை அதனால் அளக்க முடியாது. அதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். குறைத்து எழுதினால் பொம்மை மேட்டில் பறக்கும். முழுக்க முழுக்க நாணயத்தை நம்பி ஓடும் விளையாட்டு. பணத்தில் ஏமாற்றியவனோடு உட்கார்ந்து காபி குடிப்போம், எடையில் ஏமாற்றியவனோடு மாட்டோம். கோஷ்டிப் பட்டியலில் அவன் பெயரைத் திறந்து பார்த்தேன். எடை: எழுபத்தொன்று. அது நாலு வருஷத்துக்கு முந்தைய ரெய்னோவின் எடை. பழைய கணக்கைத் திறந்திருக்கிறான், பழைய எண் அப்படியே கிடந்திருக்கிறது.

மற்றவர்கள் அவனை நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. தினம் காலையில் பார்ப்பவள் நான் ஒருத்திதான். எழுபத்தொன்று எங்கே, இவன் எங்கே?

அப்போது நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நல்ல காரணம்தான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வாரங்களில் அவன் அலுவலகத்துக்கு வரும் நடையே மாறியிருந்தது. ஒருநாள் பிள்ளைகளின் கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். சந்தோஷமாக இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும், அவனே பார்த்து மாற்றிக்கொள்வான் என்று விட்டேன்.

ஜனவரியில் அந்தக் காரணம் செத்துப் போனது.

ஒவ்வொரு மார்ச்சிலும் எங்களுக்கும் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டுலூத் ஊர்க்காரர்களுக்கும் போட்டி நடக்கும். நாலு பேர் அணி. ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே மண்டபத்தில் வரிசையாகப் போட்டு ஓட்டுவோம். மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். ரெய்னோ போன பிறகு நாலாவது ஆள் நான்தான். அந்த நாலு குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவறியதில்லை. காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறேன். தங்கை கல்யாண விருந்திலிருந்து பாதியில் வந்து ஓட்டியிருக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வியாழன் கார்மைன் பெயர்களை வாசித்தார். கார்மைன், ட்ரூடி, வெஸ், ரெய்னோ.

"நோரீன், நீ தப்பா எடுத்துக்காத. மேட்டுல அவன் ஒன்ன விட வேகம். எண்ணு பொய் சொல்லாதுல்ல!"

"சேச்சே, இதுல என்ன இருக்கு" என்றேன்.

ஹெட்போனில் ரெய்னோவின் மூச்சு கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: இப்போது சொல்வான், இதோ சொல்வான். அவன் சொல்லவில்லை. "நன்றி கார்மைன்" என்றான்.

அன்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். சொல்லாததற்குக் காரணம் இரக்கம் இல்லை. போட்டி நடக்கும் காலை எங்கள் வழக்கம் ஒன்று உண்டு: ஒவ்வொருவரும் காலுறையோடு எடை மெஷினில் ஏறி, எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கேலி செய்வார்கள். கடைசி நிமிஷத்தில் கழிப்பறைக்கு ஓடுபவர்களை இன்னும் அதிகமாகக் கேலி செய்வார்கள். டுலூத்காரர்கள் உட்பட அத்தனை பேர் முன்னாலும் ரெய்னோ அந்த மெஷினில் ஏறுவதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என் இடத்தை எடுத்தவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். அதற்காக எட்டு வாரம் காத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்: அந்த எட்டு வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

அவன் தூங்கவில்லை போல. பிப்ரவரியில் முகம் சாம்பலாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு டப்பாவில் வேகவைத்த முட்டை ஒன்றும் செலரிக் கீரைத் தண்டும் மட்டும். நாளுக்கு இரண்டு தரம் சானா என்ற நீராவி அறையில் உட்கார்ந்து வேர்க்கிறான் என்று பாலெட் கடையில் பார்த்தபோது புலம்பினாள். ஆறு வாரத்தில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வேர்த்துத் தள்ளப் பார்த்திருக்கிறான், மடையன்.

எங்கள் ஊரில் பெர்சியன் என்று ஒரு பலகாரம். பொரித்த இனிப்பு ரொட்டி, மேலே ரோஜா நிறத்தில் பழச்சர்க்கரைப் பூச்சு. ரெய்னோவுக்கு அதில் உயிர். முன்பெல்லாம் நான் வெள்ளிக்கிழமை மட்டும் வாங்கி வருவேன். அந்தப் பிப்ரவரியில் தினம் வாங்கினேன். எட்டேகாலுக்கு அவன் கையெழுத்துப் போடக் குனியும்போது பெட்டியைத் திறந்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டுவேன்.

"எடுத்துக்கப்பா. எழுபத்தோரு கிலோ ஆளுக்கு ஒண்ணு தின்னா என்ன ஆயிடும்?"

அவன் எண்ணைக் கேட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பான். நான் முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொள்வேன். "வேணாம் நோரீன், வயிறு சரியில்ல" என்று போய்விடுவான். பிறகு நான் ஒன்றை எடுத்துத் தின்பேன்.

போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டு அவன் அலுவலகத்துக்குள் வந்து கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"ஒங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன். என் எடை எழுபத்தொண்ணு இல்ல. தொண்ணூத்தாறு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"மொதல் நாள் கவனிக்கல. சத்தியமா கவனிக்கல. ரெண்டாவது வாரம் பார்த்தேன். மாத்தலாம்னு தெறந்தேன். அன்னிக்குக் காலைலதான் கார்மைன் 'சிங்கம் திரும்பி வந்துடுச்சு'ன்னு மெசேஜ் போட்டிருந்தாரு. என்ன யாரும் அப்படிச் சொல்லி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? இன்னிக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்கு மாத்திடலாம்னு மூடிட்டேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்குன்னு... ஒன் பேரு போனப்பகூட வாயத் தெறக்கல. ஒன் மூஞ்சியப் பாக்க முடியல நோரீன். தெனம் காலைல வந்து கையெழுத்துப் போடறதே நரகமா இருக்கு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஏறிச் சொல்லிடப் போறேன். நீ ஒன் ஷூவ எடுத்துட்டு வா, ஒன் எடத்துல நீ ஓட்டு."

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அந்த இடத்தில் நான் "அய்யோ, அப்படியா!" என்று வாயைப் பிளந்திருக்கலாம். பொய் சொல்ல வரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"எழுபத்தொண்ணு இல்லன்னு."

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்."

அவன் நின்றபடி யோசித்தான். அவன் முகத்தில் மாதங்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தேன். ஜனவரிக்கு வந்ததும் நின்றது.

"அப்ப கார்மைன் பேரு வாசிச்சப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. மேசை மேல் இருந்த பெர்சியன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஓ" என்றான். அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் ஊர்த் தேவாலய மண்டபத்தில் எட்டு சைக்கிள்கள், எட்டு விசிறிகள், சமையலறையிலிருந்து பான்கேக் வாசனை. எடை மெஷினைச் சுற்றி முப்பது பேர். ரெய்னோவைப் பார்த்ததுமே கார்மைனின் சிரிப்பு பாதியில் நின்றது. ரெய்னோ பூட்ஸைக் கழற்றினான். ஒரு காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. ஏறினான். தானே எண்ணைக் குனிந்து பார்த்து உரக்கச் சொன்னான்.

"தொண்ணூத்தாறு புள்ளி நாலு. திரையில எழுபத்தொண்ணுன்னு வெச்சிருந்தேன். தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன். இந்த எடம் நோரீனோடது."

டுலூத்காரன் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, யாரும் சேராததால் இருமலாக மாற்றிக்கொண்டான். கார்மைனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன்யா, நாலு மாசமா எங்கள மடையனாக்கினியா? சிங்கம் சிங்கம்னு கத்தினேனே, உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப இல்ல? இந்தப் பொம்பள நாலு வருஷம் ஒருநாள் தவறாம ஓட்டினா. அவள நான் என் வாயாலயே வெளிய அனுப்பினேனேய்யா!"

ரெய்னோ மெஷினை விட்டு இறங்காமலே நின்றான். ட்ரூடி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பாவம்டி நீ. ஒண்ணுமே தெரியாம நீ பாட்டுக்கு எங்களுக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தியே!"

அவளுடைய தோளுக்கு மேலாக ரெய்னோ என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் போதும். நியாயம் அவன் பக்கம் பாதியாவது வரும். அவன் திறக்கவில்லை. குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க கார்மைன். மனுஷன்தானே, தப்பு பண்ணிட்டான். நான் மன்னிச்சிட்டேன், நீங்களும் மன்னிச்சிடுங்க" என்றேன். யாரோ, "என்ன மனசுப்பா இந்தம்மாவுக்கு" என்றார்கள். அந்தப் பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

ரெய்னோ வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் நாலு பேருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பினான். கடைசி மேட்டில் எனக்கு வேர்த்துக் கண் மறைத்தபோது விசிறி என் முகத்துக்கு நேராகத் திரும்பியது. திருப்பியது யார் என்று நான் பார்க்கவில்லை. பதினொரு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தோம். புகைப்படத்தில் நடுவில் நான் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலெட் போன் செய்தாள்.

"நோரீன், நேத்து அவரு தானே போயி எடைய மாத்திட்டாரு. செவ்வாய்க்கிழமை ஓட்டணும்னு ஆசப்படறாரு, ஆனா உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்குமோன்னு பயப்படறாரு. கேக்கச் சொன்னாரு." அதோடு சொன்னாள்: "நீதான் எல்லார் முன்னாடியும் அவருக்காகப் பேசினியாம். சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. நீ நல்லா இருக்கணும்மா."

நான் செய்ததைத் தன் மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க வெகு நேரம் ஆகிறது.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ரெய்னோ வந்தான். பொம்மை மாறியிருந்தது, வயிறு வைத்த அகலமான பொம்மை. சமவெளியில் கூட வந்தான். மேடு தொடங்கியதும் பின்னுக்குப் போக ஆரம்பித்தான். ஹெட்போனில் அவன் மூச்சு ரம்பம் போல அறுத்தது.

"என்னய்யா, இன்னிக்கு பஸ்ஸே ஏறுற மாதிரி இருக்கு?" என்றார் கார்மைன். கேலியில் விஷம் இருந்தது. "நோரீன், நீ முன்னால வாம்மா. நாணயமா ஓட்டறவங்க முன்னால போவட்டும், மத்தது பின்னால உருண்டு வரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ரெய்னோ, "சரிதான்" என்றான்.

"எனக்கு நவம்பர்லயே தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?" என்றாள் ட்ரூடி.

"அவனோட எடை. தெனம் பாக்கறவ நான். நவம்பர்லயே தெரியும். அவன் எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும்னு சொல்லாம வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமையே அவனுக்கு இது தெரியும். சனிக்கிழமை அவன் என்னக் காட்டிக் கொடுக்கல. நான் மன்னிக்கிற மாதிரி நடிச்சேன்."

கார்மைன் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஹெட்போனில் டக்கென்று ஒரு சத்தம், அவர் பேச்சை அணைத்துவிட்டார். திரையில் அவருடைய பொம்மை எழுந்து நின்று மிதித்து முன்னே போனது. ட்ரூடியும் போனாள். வெஸ், "சரி, பாக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு அவர்கள் பின்னால் போனான். நான் மிதிப்பதைக் குறைத்துவிட்டேன், கால் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அகலமான பொம்மை பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் சேர்ந்தது. உச்சி வரைக்கும் அப்படியே போனோம். எனக்குத் துணையாக வந்தான் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். அவனால் அதற்கு மேல் வேகமாகப் போக முடியாது, அவ்வளவுதான்.